ஒரே கடையில் காளியும் பூனையும்

பூனையின் நெற்றியில் நாமம். கழுத்தில் துளசி மாலை. முகம் நம்மை நேராகப் பார்க்கிறது, கண்ணில் அப்படியொரு சாந்தம். வாயில் மட்டும் ஒரு பெரிய இறால். 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா காளிகாட் கோயில் வாசலில் விற்ற படம் இது. வங்காளிகள் இதை 'பிடால் தபஸ்வி' என்பார்கள், அதாவது தவசிப் பூனை. மீனைத் தொடமாட்டேன் என்று சொல்லித் திரிந்த வைணவச் சாமியார்களைச் சீண்டுவதற்காக வரைந்தது.

நம்மூர் ஆட்களுக்கு இந்தப் பூனையை யாரும் விளக்க வேண்டாம். ருத்ராட்சப் பூனை என்று நாம் தினமும் யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். வங்காளப் பூனை வைணவம், தமிழ்ப் பூனை சைவம். அவ்வளவுதான் வித்தியாசம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கும் காட்சி என்றும் சொல்லப்படும் பாறைச் சிற்பத்தில், பல்லவர்கள் 7ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பூனையைச் செதுக்கிவிட்டார்கள். யானைகளின் காலடியில், பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் பக்தியோடு நிற்கின்றன. அதே பாறையில் இன்னொரு பக்கம், நிஜமான முனிவர் ஒருவர் ஒற்றைக்காலில் கைகளைத் தூக்கி நிற்கிறார். இரண்டு தவமும் ஒரே பாறையில், ஒரே அரச செலவில்.

கதை மகாபாரத உத்யோக பர்வத்தில் வருகிறது. சொல்லி அனுப்புகிறவன் துரியோதனன், தூது போகிறவன் உலூகன். பூனை என்று கிண்டலடிக்கப்படுகிறவர் தருமர். இதை மறக்கக் கூடாது. போலிச் சாமியாரைக் கேலி செய்யும் கதை, போலி அல்லாத ஒருவர் மேலும் எறியப்படலாம். கேலிக்கு நீதி தெரியாது. அதை யார் கையில் எடுக்கிறார், யார் மேல் விடுகிறார் என்பதுதான் எல்லாமே.

காளிகாட் படங்களை நான் முதலில் பார்த்தது லேப்டாப் திரையில். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் பூனையைத் தேடிப் போய், அடுத்தது அடுத்தது என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். காளி, பூனை, துர்க்கை, பொம்பளையிடம் விளக்குமாற்று அடி வாங்கும் மைனர், சிவன், ஜெயிலில் செக்கு இழுக்கும் மடாதிபதி என்று கலந்துகட்டி வந்தன. சடங்கைக் கேலி செய்யும் படம் சடங்கு நடக்கும் வாசலிலேயே எப்படி விற்றது? யார் வாங்கினார்கள்? அந்தக் கேலி யார் மேல் விழுந்தது, யாரை விட்டுவிட்டது? கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், கல்கத்தாவில் கிளம்பி நேராக அவிநாசி ரோட்டுக் கல்யாண மண்டப வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

காளிகாட் கோயிலின் இப்போதைய கட்டடம் 1809இல் முடிந்தது. அப்போது கல்கத்தா கம்பெனி ஆட்சியின் தலைநகரம். கப்பல், கச்சேரி, கிடங்கு, அச்சகம் என்று ஊர் வீங்கிக்கொண்டிருந்தது. பிழைப்பைத் தேடி வந்தவர்களோடு பட்டுவாக்களும் வந்தார்கள். பட்டுவா என்றால் படம் வரைபவர். மேதினிபூர், 24 பர்கானா பக்கத்துக் கிராமங்களில் நீளமான படச்சுருளை விரித்து, ஒவ்வொரு கட்டமாக விரலால் காட்டி, பாட்டுப் பாடிக் கதை சொல்லிப் பிழைத்தவர்கள்.

நகரத்தில் அதற்கு நேரமில்லை. கோயிலுக்கு வருகிறவன் கும்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். கையில் எடுத்துப்போக ஒரு படம் போதும். அதனால் சுருளை நறுக்கி ஒற்றைத் தாளாக்கினார்கள். ஆலையில் செய்த மலிவுக் காகிதம், சுமார் 45 சென்டிமீட்டருக்கு 28 சென்டிமீட்டர். பின்னணி வரைவதில்லை, வெறும் வெள்ளை. விளக்குப் புகைக்கரியில் ஒரே இழுப்பில் கோடு, உடம்பின் உருட்சிக்கு ஓரத்தில் நிழல், நகைக்குத் தகரத்தில் செய்த வெள்ளிப் பூச்சு. குடும்பமே வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும். ஒருவர் கோடு போட, அடுத்தவர் வண்ணம் ஏற்ற, இன்னொருவர் நகையும் கண்ணும் முடிக்க, ஒரு நாளில் கட்டுக்கட்டாகப் படம் தயாராகும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். என் தொழிலில் இதை பைப்லைன் என்போம். வேகத்துக்காகச் செய்த சிக்கனம்தான் பின்னாளில் விமர்சகர்கள் புகழ்ந்த அந்த 'நவீன' எளிமை.

இந்தக் கடைக்காரருக்குப் புரவலர் கிடையாது. மன்னரோ மடமோ ஜமீனோ சம்பளம் தரவில்லை. எது விற்கிறதோ அதை நாளைக்கு இன்னும் நூறு வரைவார். காளி விற்றாள், வரைந்தார். பூனை விற்றது, அதையும் வரைந்தார். வாங்கியவர் யார் என்பதற்கு ஒரே பதில்தான்: கோயிலுக்கு வந்தவர். அர்ச்சனைத் தட்டோடு வெளியே வந்து, ஒரு கையில் காளியையும் மறு கையில் சாமியார்ப் பூனையையும் வாங்கிக்கொண்டு போனவர்.

நாத்திகர் ஆத்திகர் என்று கோடு போட்டுப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். அந்தப் பக்தருக்கு விசித்திரமாக இருந்திருக்காது. சாமி வேறு, சாமி பேரைச் சொல்லி இறால் தின்பவன் வேறு என்பது அவருக்குத் தெரியும். பூசாரியிடமும் பண்டாவிடமும் காசு இழப்பது அவர்தானே. வெளியில் நின்று பார்ப்பவனைவிட வரிசையில் நிற்பவனுக்குத்தான் தரகர் மேல் கோபம் அதிகம்.

பட்டுவாக்களே ஒரு நடுக்கோட்டு ஆட்கள் என்பதும் இங்கே முக்கியம். மேற்கு மேதினிபூரில் பிங்லாவுக்குப் பக்கத்திலுள்ள நயா கிராமத்தில் இன்றும் சித்திரகர் என்ற குடும்பப் பெயரோடு பட்டுவாக்கள் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் இஸ்லாமியர். பாடி வரைவது ராமாயணமும் மனசா தேவி கதையும். பலருக்கு இந்துப் பெயரும் உண்டு, இஸ்லாமியப் பெயரும் உண்டு. இரண்டு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வீட்டு அடுப்படி வாசமும் தெரிந்திருக்கும்.

3

கொங்கு நாட்டுக்காரனாக என்னைத் தூக்கிவாரிப்போட்ட படம் பூனையல்ல, முருகன்.

மருதமலையில் வேலோடு, பழனியில் கோவணத்தோடு பார்த்து வளர்ந்த சாமி. காளிகாட்டில் அவர் கார்த்திக். விசிறி மடிப்பு வேட்டி, தோளில் சால்வை, வகிடெடுத்து அலையலையாக வாரிய 'ஆல்பர்ட்' கிராப்பு. அது விக்டோரியா மகாராணியின் கணவர் பேரில் அன்றைக்கு ஓடிய ஃபேஷன். காலில் பக்கிள் வைத்த பம்ப் ஷூ. மயில் மட்டும் அதே மயில். மயிலை எடுத்துவிட்டால் கல்கத்தாவின் பாபு ஒருவர் மாலை நேரத்தில் நாடகம் பார்க்கக் கிளம்பி நிற்கிறார் என்றே தோன்றும்.

பாபு என்றால் கம்பெனிக்குத் தரகு, வட்டி, நில வாடகை என்று காசு பார்த்த குடும்பங்களின் வாரிசு. பாதி ஆங்கிலம், முழு உல்லாசம். வீட்டில் துர்க்கா பூஜை போட்டால் பக்கத்து வீட்டுப் பாபுவைவிட ஒரு சாரட் வண்டியாவது அதிகம் வந்து நிற்க வேண்டும். சாமி வருவதைவிடத் துரைமார் வருவது முக்கியம். இதையெல்லாம் காளிபிரசன்ன சிங்கா 1861-62இல் 'ஹுதோம் பியாஞ்சார் நக்ஷா' என்று ஒரு நூலாக எழுதினார். ஆந்தை ஒன்று ஊரைச் சுற்றிப் பார்த்துத் தீட்டும் சித்திரங்கள். சடக் திருவிழா, ரத யாத்திரை, துர்க்கா பூஜை என்று ஒவ்வொரு சடங்கிலும் எவன் எவ்வளவு பீற்றினான், எவன் எங்கே குடித்துக் கிடந்தான் என்ற கணக்கு. எழுதியவரும் பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளைதான். மகாபாரதத்தை வங்க உரைநடையில் கொண்டுவரச் சொந்தச் செலவில் பண்டிதர்களை வைத்து வேலை வாங்கியவர். பட்டுவா போல அவரும் உள்ளிருந்து கேலி செய்தவர்.

பம்ப் ஷூ போட்ட முருகன் யாரைக் கேலி செய்கிறார்? சாமியையா, பாபுவையா? படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டுக்கும் பதில் வரும். தேவர்களிலேயே அழகன் கார்த்திக். ஊரில் இப்போது அழகன் என்றால் இப்படித்தான் இருப்பான், அதனால் இப்படி வரைந்தேன் என்று பட்டுவா அப்பாவியாகச் சொல்லலாம். உங்கள் வீட்டுப் பூஜையில் நீங்கள் கும்பிடுவது உங்களைத்தானே பாபு என்றும் சொல்லலாம். வாங்குகிறவன் தனக்குத் தேவையான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு காசைக் கொடுத்துவிடுவான்.

வங்காளத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. புதுசாகக் கல்யாணமானவர்கள் வீட்டு வாசலில், ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டாளிகள் ஒரு கார்த்திக் பொம்மையை வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். கார்த்திக் பிள்ளைவரம் தரும் சாமி. வாசலுக்கு வந்த சாமியைத் தள்ள முடியுமா? பூஜை போட வேண்டும், வைத்தவர்களுக்கே விருந்தும் போட வேண்டும். சடங்கு முழுக்க முழுக்க கிண்டல், கிண்டல் முழுக்க முழுக்க சடங்கு. இந்தக் கூட்டாளிகளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம்மூரிலும் வருவார்கள்.

4

1873 மே 27. தாரகேஸ்வரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கல்கத்தாவில் அரசாங்க அச்சக வேலை பார்த்த நபின் சந்திர பானர்ஜி, தன் மனைவி எலோகேஷியை மீன் அரியும் அரிவாள்மணையால் கழுத்தை அறுத்துக் கொன்றான். அவளுக்கு வயது 16.

தாரகேஸ்வரம் பெரிய சிவத்தலம். அதன் மகந்த், அதாவது மடாதிபதி, மாதவ்சந்திர கிரி. பிள்ளை வேண்டி மருந்து வாங்கப் போன எலோகேஷியை அவர் மயக்கிக் கெடுத்தார், அவள் பெற்றோரே உடந்தை என்று ஊர் பேசியது. கணவன் வந்து கேட்டான். அவள் சொன்னாள், அவன் மன்னித்தான், இருவரும் ஊரைவிட்டுப் போக முயன்றார்கள். மகந்தின் ஆட்கள் வழியை அடைத்தார்கள். அதன்பின் நடந்தது கொலை.

வழக்கு நடந்த கோர்ட்டில் கூட்டத்தைச் சமாளிக்க நுழைவுக் கட்டணமே வைக்க வேண்டியிருந்தது. இந்திய ஜூரிகள் நபினைச் சித்தம் கலங்கியவன் என்று விடுவிக்கச் சொன்னார்கள். நீதிபதி ஏற்கவில்லை. கல்கத்தா உயர் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் முழுக்க நாடு கடத்தல் விதித்தது. மகந்துக்கு 3 வருடம் கடுங்காவல், 2,000 ரூபாய் அபராதம். மனு மேல் மனு போட்டு 1875இல் நபின் விடுதலையானான்.

பட்டுவாக்கள் இந்த வழக்கைக் காட்சி காட்சியாக வரைந்து தள்ளினார்கள். மகந்த் எலோகேஷிக்கு வெற்றிலை கொடுப்பது. அரிவாள்மணை ஓங்கியிருப்பது. கோர்ட்டில் துரை உட்கார்ந்திருப்பது. எல்லாவற்றையும்விட மகந்த் ஜெயிலில் செக்கு இழுப்பது. நேற்றுவரை பல்லக்கில் போனவர், இன்று மாட்டுக்குப் பதிலாகச் செக்கில். நாடகக் கொட்டகைகளும் இதே கதையை ஓட்டின. சட்டம் 3 வருடம் கொடுத்தது. படம் அவரை நூறு வருடமாக இழுக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

இதைத்தான் நான் இந்தக் கலையின் உச்சம் என்று நினைக்கிறேன். காளியை வாங்கிய அதே கடையில், அதே காகிதத்தில், ஒரு சிவத்தலத்தின் அதிபதி கைதியாக விற்கப்படுகிறார். வாங்கியவர்களில் பாதிப்பேர் அடுத்த சிவராத்திரிக்குத் தாரகேஸ்வரத்துக்குக் காவடி தூக்கிப் போயிருப்பார்கள். சிவன் மேல் அவர்களுக்குப் புகார் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தண்டனை முடிந்து மாதவ்சந்திர கிரி வெளியே வந்தார். மீண்டும் மகந்த் ஆனார். 51 வருடம் கழித்து, 1924இல், அதே தாரகேஸ்வரத்தில் அன்றைய மகந்த் சதீஷ் கிரிக்கு எதிராகச் சத்தியாகிரகம் நடத்த வேண்டி வந்தது. சித்தரஞ்சன் தாஸ் அதில் இறங்கினார். கேலிப்படம் ஒருவரின் மானத்தை வாங்கியது. நாற்காலியை வாங்கவில்லை.

5

இப்போது எலோகேஷியிடம் வருவோம். படங்களில் அவள் எப்படி இருக்கிறாள்? மகந்த் முன்னால் அவள் நிற்கும் படங்களைப் பாருங்கள். நகை மின்னுகிறது, புடவை வழிகிறது, கையில் வெற்றிலையோ ரோஜாவோ. பாபு படங்களில் வரும் தாசிக்கும் அவளுக்கும் ஒரு கோடுகூட வித்தியாசமில்லை. பட்டுவாவிடம் இருந்த டெம்ப்ளேட் அது ஒன்றுதான். பிள்ளை மருந்து கேட்டுப் போன 16 வயதுப் பெண்ணுக்கென்று தனி முகம் வரைய அவரிடம் கோடு இல்லை. அல்லது அந்த முகத்துக்கு விற்பனை இல்லை. அவள் கொலை, தீர்த்த யாத்திரை போனவர்கள் வீட்டுக்கு வாங்கிவந்த நினைவுப் பொருள்.

இது ஒரு படத்தின் குறை அல்ல. காளிகாட்டின் சமூகக் கேலிப்படங்களை மொத்தமாக அடுக்கிப் பார்த்தால் எண்ணிக்கையில் ஜெயிப்பது பெண்தான். கழுத்தில் கயிறு கட்டி ஆட்டை இழுத்துப் போகும் பெண். ஆட்டுக்கு மனுஷத் தலை, அது மயங்கிய காதலன். விளக்குமாற்றால் புருஷனை விளாசும் பெண். காதலன் மேல் ஏறி நிற்கும் பெண். இந்தக் கடைசிப் படம் யாரையும் ஒரு நொடி நிறுத்தும், ஏனென்றால் அது சிவன் மேல் நிற்கும் காளியின் நிலையேதான். உள்ளே கும்பிட்ட தோற்றத்தையே வெளியே கலிகாலத்தின் அடையாளமாக மாற்றி விற்கிறார்கள். பெண் சாமியாக நின்றால் பக்தி, மனுஷியாக நின்றால் உலகம் கெட்டுப்போச்சு.

நிஜத்தில் அன்றைய கல்கத்தாவில் யார் யாரைக் கயிறு கட்டி இழுத்தார்கள்? குழந்தை விவாகம், பலதார மணம், விதவையின் தலைவிதி எல்லாம் பெரிய விவாதங்களாக ஓடிய காலம் அது. வித்யாசாகர் போராடி 1856இல்தான் விதவை மறுமணச் சட்டம் வந்தது. படத்தில் மட்டும் ஆண் ஆடு.

கிராமத்திலிருந்து வந்து கூலிக்கு வரைந்த பட்டுவாவுக்குப் பாபு மேல் வயிற்றெரிச்சல் இருந்தது நியாயம். பாபுவை நேரடியாக அடிப்பதைவிட, அவன் பக்கத்தில் நிற்கும் பெண்ணைக் காட்டி 'பார், இவளிடம் அடி வாங்குகிறான்' என்று சிரிப்பது சுலபம். அதை பாபுவும்கூட வாங்கிச் சிரிப்பான். மேலே எறிந்த கல் பாதியிலேயே திரும்பிக் கீழே இருப்பவள் தலையில் விழுகிறது. கேலியின் இயற்பியல் இதுதான் என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனசு வரவில்லை. செக்கு இழுக்கும் மகந்த் இருக்கிறாரே. அந்தக் கல் சரியாகத்தான் போய் விழுந்தது.

6

கோயம்புத்தூர்க் குசும்பு என்று ஊர் ஊராகச் சொல்வார்கள். மரியாதை குறையாமல், 'ங்க' போட்டே ஆளைக் காலி செய்வது. இந்தக் குசும்புக்குச் சாமியும் விலக்கல்ல என்பதற்குப் பேரூரே சாட்சி.

பேரூர்த் தலபுராணத்தில் ஒரு கதை. சுந்தரர் பொன் கேட்டு வருகிறார். பட்டீஸ்வரரிடம் கையில் காசில்லை. அம்பாளையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கி, நடவாள் வேஷத்தில் நாற்று நடப் போய்விடுகிறார். 'எங்கே போனேன்னு சொல்லாதே' என்று நந்தியிடம் உத்தரவு. நந்திக்குப் பொய் வரவில்லை, ஜாடை காட்டிவிடுகிறது. கோபத்தில் சாமி மண்வெட்டியால் நந்தியின் தாடையில் ஒன்று போடுகிறார். ஒவ்வொரு ஆனி மாதமும் இதை நாற்று நடவு உற்சவமாக நடத்துகிறார்கள். என் அம்மிச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது விழுந்து விழுந்து சிரிக்கும். "கடங்காரனுக்குப் பயந்து சாமியே வயக்காட்டுல ஒளிஞ்சுக்கிச்சு பாரு கண்ணு, நாமெல்லாம் எம்மாத்திரம்!" சிரித்து முடித்த கையோடு கன்னத்தில் போட்டுக்கொள்ளும். காளிகாட் வாசலில் படம் வாங்கியவரை எனக்குக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை, அம்மிச்சியைப் பார்த்திருக்கிறேன்.

இதே கொங்கு மண்ணில் கேலி கோயிலைவிட்டு வெளியே வந்த வரலாறும் உண்டு. 1925 மே 2இல் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' வரத் தொடங்கியது. பெரியார் வெளியில் நின்று கல்லெறிந்தவர் அல்ல. ஈரோடு தேவஸ்தானக் கமிட்டித் தலைவராக இருந்து கோயில் வரவுசெலவு பார்த்தவர். தரகரை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவர் தரகரோடு நிறுத்தவில்லை, சாமியையே கேள்வி கேட்டார். அது வேறு கடை, வேறு வாடிக்கையாளர். பட்டுவா கேட்கத் துணியாததை அது கேட்டது: சடங்கால் யாருக்கு லாபம், பெண்ணுக்கு இதில் என்ன இடம். கூடவே கேலியின் வாசலும் இரண்டாகப் பிரிந்தது. சிரிப்பவர் அந்தப் பக்கம், கும்பிடுபவர் இந்தப் பக்கம். அம்மிச்சியின் சிரிப்புக்கு இரண்டு பக்கமும் இடமில்லாமல் போயிற்று.

பிரிந்த வாசல் எவ்வளவு இறுகிவிட்டது என்பதைத் திருச்செங்கோட்டில் பார்த்தோம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' கேலி நூலே அல்ல. பிள்ளையில்லாத ஒரு தம்பதியின் துயரம் அது. 2010இல் வந்த நாவலுக்கு 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது, பிரதிகள் எரிந்தன. 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகுதான் திரும்ப எழுத வந்தார். அவர் அந்த மண்ணின் ஆள், அந்தத் தேரை வடம்பிடித்தவர்களின் ஆள். உள்ளிருந்து பேசுவதற்கான உரிமை அவருக்கே இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

எலோகேஷியும் பிள்ளைவரம் கேட்டுப் போனவள்தான் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

7

அப்படியானால் சடங்கைச் சிரிக்கும் நாட்டார் படம் இப்போது நம்மிடம் இல்லையா? இருக்கிறது. ஏதாவது கல்யாண மண்டபத்துக்குப் போய் வாசலில் நிமிர்ந்து பாருங்கள், நண்பர்கள் வைத்த ஃப்ளெக்ஸ்.

மாப்பிள்ளையின் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி வடிவத்தில் ஒன்று. 'கைது செய்யப்பட்டார்' என்று நாளிதழ் முதல் பக்கம் மாதிரி இன்னொன்று. சிங்கம் கூண்டுக்குள், பூட்டுச் சாவி மணப்பெண் கையில். அப்புறம் எல்லோருக்கும் பிடித்த அந்த ஆடு. மாப்பிள்ளைத் தலையை ஆட்டு உடம்பில் ஒட்டி, மாலை போட்டு, மஞ்சத்தண்ணி தெளித்து, வெட்டக் கொண்டுபோகிற காட்சி. வரைந்தது யார் என்று பெயர் இருக்காது. மூணு நாள் நிற்கும், அப்புறம் யாராவது கூரைக்குப் போர்த்த எடுத்துப் போவார்கள்.

ஒரு நண்பன் கல்யாணத்துக்காக சரவணம்பட்டிப் பக்கம் ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைத் தம்பி கோரல் டிராவில் ஃபோல்டரைத் திறந்து காட்டினார். "ஆடு டெம்ப்ளேட் ரெடியா இருக்குதுங்ணா. மூஞ்சியும் பேரும் மாத்துனா அரை மணி நேரத்துல அடிச்சுடலாம்." வேற மாதிரி ஏதாவது கேட்டு வருவார்களா என்றேன். "சீர், பவுனு, காரு, இதையெல்லாம் வெச்சுக் காமெடியா யாராச்சும் போடுவாங்களா?" தம்பி சிரித்துவிட்டார். "அதப் போட்டா பொண்ணு வூட்டுல சண்டையாயிருமுங்ணா. இல்லீனா மாப்பிள்ளை வூட்டுல."

150 வருடத்துக்கு முந்தைய கல்கத்தாப் பட்டுவாவின் தொழில் ரகசியம் முழுவதையும் அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். ஆடு விற்கும். மண்டப வாடகை, எத்தனை பவுன், எந்த கார், மொய் நோட்டில் யார் எவ்வளவு, பெண்ணின் படிப்பு என்ன ஆகும் என்பதெல்லாம் விற்காது. ஆணைப் பலியாடாக வரைந்த படத்துக்குக் கீழே நிஜக் கணக்கு வேறு திசையில் போய்க்கொண்டிருக்கும். பெண் வீட்டார் வாங்கிய கடன் எந்த ஃப்ளெக்ஸிலும் வராது. மணப்பெண் வருகிறாள், காளிகாட்டில் வந்த அதே வேஷத்தில், கையில் கயிறோடு.

ஆனாலும் இந்த ஃப்ளெக்ஸ்களை மட்டம் என்று ஒதுக்க எனக்கு விருப்பமில்லை. காளிகாட் படங்களையும் அன்றைய படித்தவர்கள் அப்படித்தான் ஒதுக்கினார்கள். ரவிவர்மா 1894இல் தன் அச்சகத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே 1878இல் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவின் வண்ண அச்சுப் படங்கள் வரத் தொடங்கியிருந்தன. ஜெர்மனியில் அச்சான சாமிப் படங்களும் சந்தைக்கு வந்தன. பளபளப்புக்கு முன்னால் கையால் வரைந்த கோடு நிற்க முடியவில்லை. 1930களில் ஓவியர் முகுல் டே இந்தக் கலையைப் பற்றி எழுதும்போது காளிகாட் வீதியில் அது மறைந்துபோயிருந்தது. ஜான் லாக்வுட் கிப்ளிங் சேர்த்து வைத்திருந்த 233 படங்களை அவர் மகன் ருட்யார்ட் கிப்ளிங் 1917இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்று அங்கே 600க்கும் மேல் இருக்கின்றன. சில்லறைக் காசுக்கு விற்ற பூனை கண்ணாடிச் சட்டத்துக்குள் தவம் செய்கிறது.

அச்சு வந்தபோது சாமிப் படம் பிழைத்துக்கொண்டது, நம் சிவகாசிக் காலண்டர் வரைக்கும் வந்துசேர்ந்தது. பூனைதான் வெளியே விடப்பட்டது. ஆயிரக்கணக்கில் அச்சடிக்கிறவனுக்கு யாருக்கும் வலிக்காத படம்தான் லாபம். காலண்டரில் முருகன் ஒருபோதும் பம்ப் ஷூ போடமாட்டார்.

வங்காளத்தில் கலாம் பட்டுவா என்ற ஓவியர் இருக்கிறார். தபால் நிலையத்தில் வேலை பார்த்தபடியே காளிகாட் பாணியை மீண்டும் கையிலெடுத்தவர். அதே கோடு, அதே வெற்றுப் பின்னணி, உள்ளே இன்றைய வாழ்க்கை. பாணியை மீட்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி. வாசலை மீட்பதுதான் கஷ்டம். கும்பிட்டுவிட்டு வருகிறவர் கையிலேயே அந்தப் படம் போய்ச் சேர வேண்டும், அவர் தன் காசைக் கொடுத்து வாங்கிச் சிரிக்க வேண்டும்.

நம்மூரில் அந்த வாசல் மண்டபத்துக்கு முன்னால் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. சடங்கை நடத்துகிறவர்கள், அதற்குச் சாப்பிட வருகிறவர்கள், அதைக் கிண்டலடிக்கிறவர்கள் மூவரும் ஒரே கூட்டம். இவ்வளவு வசதி பெரியாருக்கும் கிடைக்கவில்லை, பெருமாள்முருகனுக்கும் கிடைக்கவில்லை. எட்டடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸ், அரை மணி நேர வேலை. அதில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுக்கும் மகந்தை வரையலாம். மொய் நோட்டுக்கு முன்னால் நெற்றியில் பட்டையோடு உட்கார்ந்திருக்கும் பூனையை வரையலாம். பவுன் கேட்டவரின் கழுத்தில் கயிறு கட்டலாம். சண்டை வரும், வரட்டுமே. குசும்பு நமக்குப் புதுசா என்ன?